ஏர்போர்ட்ல ஒரு டீ ஏன் இவ்வளவு விலை? பில்லுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

காலை 6 மணிக்கு ஃபிளைட். மயிலாப்பூரோ, தி.நகரோ, அடையாறோ, வீடு எங்கே இருந்தாலும் மூன்றரை மணிக்கே அலாரம் வைத்தாக வேண்டும். வீட்டில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பால் பாக்கெட்கூட வந்திருக்காது. 'ஏர்போர்ட்ல ஒரு காபி குடிச்சுக்கலாம்' என்று கிளம்பிவிடுவோம்.

செக்-இன் முடித்து, பாதுகாப்புச் சோதனையும் முடித்து, கழற்றிய பெல்ட்டை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே வரிசையாகக் கடைகள். விலைப் பலகையைப் பார்த்ததும், காபி குடிக்காமலேயே தூக்கம் கலைந்துவிடும்.

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி, விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலத்தில் இறங்க பத்து ரூபாய் போதும். சென்னை டீக்கடைகளில் 2025 செப்டம்பர் முதல் டீ 15 ரூபாய், காபி 20 ரூபாய். அந்த விலை உயர்வுக்கே 'என்னங்க, இப்படி ஏத்திட்டாங்க' என்று புலம்பினோம். அதே நாம், சாலையைத் தாண்டி முனையத்துக்குள் போனதும் பத்து மடங்கு விலையை முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டு வருகிறோம்.

ஏன் இப்படி? இந்த விலையை யார் முடிவு செய்கிறார்கள்? கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா?

ஒரு டீ கிளப்பிய விவாதம்

இந்தப் பேச்சு நாடு முழுக்கப் பரவியதற்கு சென்னை விமான நிலையமும் ஒரு காரணம். 2018 மார்ச்சில் முன்னாள் நிதி அமைச்சர் ப.சிதம்பரம் இங்குள்ள ஒரு காபி கடையில் டீ கேட்டிருக்கிறார். வெந்நீரும் ஒரு டீ பையும் 135 ரூபாய் என்றார்கள். அதிர்ந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், காபி 180 ரூபாய் என்றும் ட்விட்டரில் எழுதினார். இந்த விலைக்கு யார் வாங்குகிறார்கள் என்று கேட்டதற்கு, நிறைய பேர் என்று பதில் வந்ததாம். நான்தான் காலத்துக்குப் பின்தங்கிவிட்டேனோ என்றும் கேட்டிருந்தார்.

நாட்டுக்கே பட்ஜெட் போட்டவருக்கே இந்தக் கதி என்றால் நம்ம நிலைமை என்ன என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் விஷயம் கேலியோடு முடியவில்லை. 2024-ல் கொல்கத்தா விமான நிலையத்தில் அதே வெந்நீர், டீ பைக்கு 340 ரூபாய் கேட்டதாக சிதம்பரம் மீண்டும் எழுதினார். அந்த ஆண்டு டிசம்பரில் மாநிலங்களவையில் விமானப் போக்குவரத்து மசோதா விவாதத்துக்கு வந்தபோது, ஆம் ஆத்மி உறுப்பினர் ராகவ் சத்தா இதே பிரச்சினையை எழுப்பினார். தண்ணீர் பாட்டில் 100 ரூபாய், டீ 200 ரூபாய்க்கு மேல் என்றால் சாமானியர் எப்படி வாங்குவார் என்பது அவர் கேள்வி.

அதே மாதம் கொல்கத்தாவில் 'உடான் யாத்ரி கஃபே' திறக்கப்பட்டது. 2025 பிப்ரவரி 27 அன்று சென்னை உள்நாட்டு முனையத்தில், அதாவது டி-1ல், இரண்டாவது கஃபேயை மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம்மோகன் நாயுடு திறந்துவைத்தார். தண்ணீர் 10 ரூபாய், டீ 10 ரூபாய், காபி 20 ரூபாய், சமோசா 20 ரூபாய், இனிப்பு 20 ரூபாய் என்று விலை அறிவிக்கப்பட்டது. தெருமுனை டீக்கடையைவிட ஏர்போர்ட் டீ மலிவு!

அப்படியென்றால் ஏர்போர்ட்டுக்குள் 10 ரூபாய்க்கு டீ கொடுக்க முடியும். பிறகு ஏன் பக்கத்துக் கடையில் அந்த விலை?

விலையை முடிவு செய்வது யார்?

சென்னை விமான நிலையத்தை நடத்துவது மத்திய அரசின் இந்திய விமான நிலைய ஆணையம். டெல்லி, மும்பை, பெங்களூரு போல தனியார் கையில் இல்லை. அரசு இடம்தானே, விலையையும் அரசுதானே வைக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை.

விமான நிலையத்தின் வருமானத்தை இரண்டாகப் பிரிக்கலாம். விமானம் தரையிறங்குவது, நிற்பது, பயணிகளிடம் வாங்கும் பயன்பாட்டுக் கட்டணம் போன்றவை ஒரு வகை. இவற்றை விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. 2008-ம் ஆண்டு சட்டத்தின்படி உருவான அமைப்பு அது.

கடைகள், உணவகங்கள், விளம்பரப் பலகைகள், கார் பார்க்கிங் எல்லாம் இரண்டாவது வகை. இவற்றின் விலையை ஒழுங்குமுறை ஆணையம் நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. விமானம் நிற்கும் கட்டணத்துக்கு ஒரு 'நீதிபதி' இருக்கிறார். நீங்கள் குடிக்கும் காபிக்கு இல்லை. கடை நடத்துபவருக்கும் விமான நிலையத்துக்கும் உள்ள ஒப்பந்தம்தான் எல்லாம்.

வாடகை இல்லை, பங்கு

அந்த ஒப்பந்தம் நாம் பார்க்கும் சாதாரண கடை வாடகை மாதிரி இருக்காது. பாண்டி பஜாரில் ஒருவர் கடை எடுத்தால் மாத வாடகை இவ்வளவு என்று பேசி முடிப்பார். விமான நிலையத்தில் பொதுவாக டெண்டர் விடுவார்கள். மாதம் குறைந்தபட்சம் இவ்வளவு தருகிறேன் என்று ஓர் உத்தரவாதத் தொகை இருக்கும். கூடவே, விற்பனையில் இத்தனை சதவீதம் என்று ஒரு பங்கும் இருக்கும். இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும்.

ஓர் உதாரணத்துக்கு, விற்பனையில் 30 சதவீதம் பங்கு என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய் காபியில் 30 ரூபாய் அப்படியே போய்விடும். மீதி 70 ரூபாயில்தான் பால், காபித்தூள், கப், சம்பளம், கரன்ட், பிராண்டுக்கான ராயல்டி, லாபம் எல்லாம். கடைக்காரர் 'சரி, விலையைக் குறைப்போம்' என்று நினைத்தாலும் குறைந்தபட்ச உத்தரவாதம் குறையாது. கூட்டம் இல்லாத மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும். அதிகத் தொகை கேட்டவருக்கே டெண்டர் என்றால், அதிக விலைக்கு விற்க முடியும் என்று நம்புகிறவர்தான் ஜெயிப்பார். விலை ஏறுவதற்கான விதை டெண்டரிலேயே விழுந்துவிடுகிறது.

இதோடு சில செலவுகள் நிஜமாகவே கூடுதல். உள்ளே வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் பின்னணிச் சரிபார்ப்பு முடித்து நுழைவு அனுமதி வாங்க வேண்டும். பால் பாக்கெட்டிலிருந்து பேப்பர் கப் வரை எல்லாம் சோதனை தாண்டித்தான் உள்ளே வரும். நள்ளிரவு 2 மணிக்கும் ஷிஃப்ட் ஓட வேண்டும்.

ஆனால் இந்தச் செலவுகள் மட்டுமே விலையை பத்து மடங்கு ஆக்கிவிடாது. பெரிய காரணம் வேறு. நீங்கள் வெளியே போக முடியாது. மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் விலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கிறது. பாதுகாப்புச் சோதனை தாண்டிய பிறகு அந்த 'அடுத்த தெரு' கிடையாது. ஃபிளைட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். பசி மட்டும் அதுவரை காத்திருக்காது.

போட்டி இருப்பது போலத் தெரிந்தாலும் அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பத்து போர்டு தொங்கினால் பத்து முதலாளிகள் என்று அர்த்தமில்லை. டிராவல் ஃபுட் சர்வீசஸ் என்ற நிறுவனம் சென்னை உட்படப் பல விமான நிலையங்களில் உணவுக் கடைகளும் லவுஞ்சுகளும் நடத்துகிறது. 2025 ஜூலையில் பங்குச்சந்தைக்கு வந்தபோது, இந்திய விமான நிலையத் துரித உணவு வியாபாரத்தில் சுமார் 26 சதவீதமும், லவுஞ்ச் வியாபாரத்தில் சுமார் 45 சதவீதமும் தன்னிடம் இருப்பதாக அது தெரிவித்தது. சொந்த பிராண்டுகளையும் வெளிநாட்டு பிராண்டுகளையும் ஒரே நிறுவனம் பக்கத்துப் பக்கத்தில் நடத்தலாம். அப்படி இருக்கும்போது ஒரு கடை இன்னொரு கடையோடு விலையில் சண்டை போட வேண்டிய அவசியம் குறைவு.

உங்கள் டிக்கெட்டுக்கும் அந்தக் காபிக்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு திருப்பம் இருக்கிறது.

2016-ம் ஆண்டு தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கையின்படி, கடை, பார்க்கிங் போன்றவற்றில் வரும் வருமானத்தில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொண்டுதான் பயணிகள் கட்டணத்தையும் விமானக் கட்டணங்களையும் கணக்கிட வேண்டும். எளிமையாகச் சொன்னால், கடைகள் மூலம் விமான நிலையத்துக்கு 100 ரூபாய் வந்தால், அதில் 30 ரூபாய் நம் டிக்கெட்டில் சேரும் கட்டணச் சுமையைக் குறைக்கப் பயன்படுகிறது.

'அப்போ காபி விலை அதிகமா இருந்தா நமக்கு நல்லதுதானே?' என்று கேட்கலாம். பாதி நியாயம் இருக்கிறது. கடை வருமானம் சுத்தமாக இல்லை என்றால் டிக்கெட்டோடு வரும் கட்டணம் கொஞ்சம் ஏறலாம். ஆனால் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் ஒரு பகுதிதான் விமான நிலையத்துக்குப் போகிறது. அதிலும் 30 சதவீதம்தான் பயணிகளுக்குத் திரும்புகிறது. மீதி கடைக்காரருக்கும் விமான நிலையத்துக்கும். பத்து ரூபாய் கொடுத்து ஒரு ரூபாய் மிச்சம் பிடிக்கும் கணக்கு இது.

யார் பணம், யாருக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கம்பெனி செலவில் பறப்பவர் பில்லை ரீஇம்பர்ஸ் செய்துகொள்வார். கிரெடிட் கார்டு வைத்திருப்பவர் லவுஞ்சில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுவார். முழு விலையையும் கையிலிருந்து கொடுப்பவர் யார்? சேமித்து முதல் முறை டிக்கெட் எடுத்த குடும்பம், வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் தொழிலாளி, பேரன் பேத்தியைப் பார்க்கத் தனியாகப் போகும் தாத்தா பாட்டி. கார்டும் இல்லாத, கம்பெனியும் இல்லாத இவர்கள்தான்.

எம்.ஆர்.பி. சட்டம் ஏர்போர்ட்டுக்கு உண்டா?

உண்டு. ஆனால் நீங்கள் எந்த இடத்தில் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பாக்கெட்டில் அடைத்த பொருளை, அதில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் கடைக்காரர் விற்கக் கூடாது என்பது 2011-ம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதி. விமான நிலையத்துக்கு விதிவிலக்கு கிடையாது. முன்பெல்லாம் ஒரே தண்ணீர் பாட்டிலுக்கு வெளியே ஒரு எம்.ஆர்.பி., மால், ஏர்போர்ட்டுக்கு இன்னொரு எம்.ஆர்.பி. என்று அச்சிடுவார்கள். நியாயமற்ற வணிக முறையில் அப்படி ஒரே பொருளுக்கு இரண்டு விலை போடுவதற்கு 2018 ஜனவரி 1 முதல் தடை வந்தது.

ஆனால் இதிலும் ஒரு சந்து இருக்கிறது. 'அதே' பொருளுக்குத்தான் தடை. வேறு பிராண்ட், வேறு அளவு, பிரீமியம் பாட்டில் என்றால் அதிக எம்.ஆர்.பி. போடலாம். நாம் தெருவில் வாங்கும் சாதாரண பாட்டிலை அலமாரியில் வைக்காமல், விலை உயர்ந்ததை மட்டும் அடுக்கினால் சட்டப்படி அதைத் தப்பு சொல்ல முடியாது.

இன்னொன்று உணவகம். 2017 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. ஹோட்டல், உணவகங்களில் தண்ணீர் பாட்டில் தருவது வெறும் விற்பனை அல்ல, மேஜை, நாற்காலி, பரிமாறுவது எல்லாம் சேர்ந்த சேவை, அதனால் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்றது. ஆக, உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் கூடுதல் விலைக்கு வழி இருக்கிறது. கவுன்டரில் நின்று பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டு நடப்பவருக்கு என்ன 'சேவை' கிடைத்தது என்று கேட்க நமக்கும் வழி இருக்கிறது.

காபி, இட்லி, சாண்ட்விச் போல அங்கேயே தயாரிப்பவற்றுக்கு எம்.ஆர்.பி. கிடையாது. அங்கே விலை பிடிக்கவில்லை என்பது மட்டும் சட்ட மீறல் ஆகாது.

மற்ற ஊர்களில் எப்படி?

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. 2021-ல் நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்தில் ஒரு பீருக்கு 27 டாலருக்கு மேல் போட்டிருந்த மெனுவை ஒரு பயணி படம் எடுத்துப் போட்டார். விசாரணை நடந்தது. அங்குள்ள விமான நிலையங்களை நடத்தும் துறைமுக ஆணையம், வெளியே அதே பகுதியில் விற்கும் விலையைவிட 10 சதவீதம் அளவுக்குத்தான் கூடுதலாக வைக்கலாம் என்று கடைகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. போர்ட்லாந்து விமான நிலையத்தில் இன்னும் ஒரு படி மேல். ஊருக்குள் என்ன விலையோ, உள்ளேயும் அதே விலை என்பது அங்கே நீண்டகால விதி.

சிங்கப்பூர் சாங்கியில் வேறு வழி. ஊழியர்களுக்கான கேன்டீனில் பொதுமக்களும் சாப்பிடலாம். ஊழியர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் மற்ற கடைகளைவிட மலிவு. சென்னையிலிருந்து அடிக்கடி போய் வரும் பலருக்கு அது பழகிய இடம்.

இந்த மூன்று இடங்களிலும் விலைக்கோ இடத்துக்கோ ஓர் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துவைத்திருக்கிறார்கள். கடைக்காரரின் மனசு நல்லதா கெட்டதா என்பதை நம்பி யாரும் காத்திருக்கவில்லை.

10 ரூபாய் டீ போதுமா?

உடான் யாத்ரி கஃபே நல்ல தொடக்கம். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்டோர் வந்துபோகும் விமான நிலையம் இது. டி-1ல் திறந்த ஒரு கஃபே, டி-4ல் கிளம்பும் உள்நாட்டுப் பயணிக்கோ, டி-2ல் வெளிநாடு போகும் தொழிலாளிக்கோ எப்படி உதவும்?

அதோடு, ஒரு மலிவுக் கடை மற்ற கடைகளின் விலையைத் தானாகக் குறைக்காது. அது ஒரு பாதுகாப்பு வலை மட்டும்தான். அம்மா உணவகம் 2013-ல் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டபோது சரவண பவனில் விலை இறங்கவில்லை. ஆனால் பசியோடு இருந்தவருக்கு ஒரு வழி கிடைத்தது. ஏர்போர்ட்டிலும் அந்த வழி எல்லா முனையத்திலும், பயணி அதிக நேரம் காத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். ரயில் நிலையத்தில் 14 ரூபாய்க்கு ரயில் நீர் கிடைப்பதை யாரும் சலுகையாக நினைப்பதில்லை. அது இயல்பு.

நீங்கள் என்ன செய்யலாம்?

* வீட்டுச் சாப்பாடு எடுத்துப் போங்கள். பொடி தடவிய இட்லி, சப்பாத்தி, புளியோதரை போன்ற திட உணவுகளுக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை. சாம்பார், சட்னி, ஊறுகாய், நெய் வேண்டாம். முழுத் தேங்காயும் கேபினில் அனுமதி இல்லை. சபரிமலை பக்தர்களுக்குக்கூட 2024-25 சீசனில் சிறப்பு அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது.

* காலி பாட்டில் கையில் இருக்கட்டும். சோதனை முடிந்ததும் உள்ளே இலவசக் குடிநீரில் நிரப்பிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பயணத்தில் 100 மில்லிக்கு மேல் திரவம் கொண்டுபோக முடியாது என்பதால், அங்கே காலி பாட்டில்தான் ஒரே வழி.

* ஃபிளைட் லேட்டா? சாப்பாடு கேளுங்கள். சென்னை-கோவை, சென்னை-மதுரை, சென்னை-பெங்களூரு மாதிரி இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் பயணம் 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், நேரத்துக்குச் செக்-இன் செய்த பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டியது விமான நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டரை முதல் 5 மணி நேரப் பயணத்துக்கு இது 3 மணி நேரம். இது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. கவுன்டரில் போய்க் கேட்டால்தான் பல நேரம் கிடைக்கும். கூச்சப்பட வேண்டாம்.

* பில் வாங்குங்கள், எம்.ஆர்.பி. பாருங்கள். கவுன்டரில் வாங்கிய பாக்கெட் பொருளுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் பில்லையும் பாட்டிலையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது தொழிலாளர் துறை. அங்கும் புகார் தரலாம்.

* சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. பில்லில் தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2022-ல் வந்த இந்த வழிகாட்டுதலை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது.

அடுத்த டெண்டருக்கு முன்னால்

நுகர்வோராக நாம் செய்யக்கூடியது இவ்வளவுதான். இட்லி கட்டிக்கொண்டு போகலாம், பாட்டில் நிரப்பலாம், புகார் கொடுக்கலாம். ஆனால் விலை முடிவாவது கவுன்டரில் அல்ல, டெண்டர் ஆவணத்தில் என்பதைப் பார்த்தோம். அதனால் கேட்க வேண்டிய இடமும் அதுதான்.

சென்னை விமான நிலையம் இன்று பொதுத்துறை கையில் இருக்கிறது. இதன் கடைகளுக்கு அடுத்த முறை டெண்டர் விடும்போது, 'டீ, காபி, தண்ணீர், ஒரு டிபன்' என்று நான்கைந்து அடிப்படைப் பொருட்களுக்காவது விலை வரம்பை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லலாம். பரந்தூரில் புதிய விமான நிலையம் வரும்போது, தூணும் கூரையும் வரைவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிட வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு 20 வருஷத்துக்குப் புலம்பத்தான் முடியும்.

ஆடம்பரக் காபி 400 ரூபாய்க்கு விற்கட்டும், வேண்டியவர்கள் வாங்கட்டும். யாரும் தடுக்கப் போவதில்லை. அதிகாலை மூன்றரைக்கு எழுந்து, வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கும் ஒரு அம்மா, விலைப் பலகையைப் பார்த்துவிட்டு 'எனக்குப் பசிக்கலடா, நீ சாப்பிடு' என்று மகனிடம் பொய் சொல்லும் நிலை மட்டும் இருக்கக் கூடாது.